உதாரண வாக்கியம்

மிஸ் ட்ரெவர் என் மேசையில் வைத்துவிட்டுப் போன
சணல் கட்டில்
நூற்றுப் பதினேழு சீட்டுகள்.
மேல்சீட்டில் பென்சிலால்:
'ஏளனம், வகையறா. வெள்ளிக்குள் முடிக்கவும்.'

எடின்பரோவில் அன்று
மழைகூட நேராகப் பெய்யவில்லை.

முதலில் மூக்கில் பிறந்தவற்றைப் பிரித்தேன்.
ஸ்னியர், ஸ்னிகர், ஸ்னார்ட்.
சொல்லிப் பாருங்கள்,
உதடு அசையுமுன்பே மூக்கு சுளித்துக்கொள்ளும்.
எகத்தாளத்துக்கு இந்த மொழியில் வாயே வேண்டியதில்லை.

ரோஸ்ட்: ஒருவனை நடுவில் உட்காரவைத்து வறுத்தெடுப்பது.
அவனும் சேர்ந்து சிரிக்க வேண்டுமாம்.
ஸ்காஃப்: எள்ளி நகையாடுவது.
அவக் அவக்கென்று விழுங்குவதற்கும் அதே சொல்,
அதே எழுத்துகள்.
ரிப் என்றால் விலா எலும்பு, நண்பர்கள் இடிக்கும் இடம்.
நீடில் என்றால் ஊசி.
அது நண்பர்கள் அல்லாதவர்களுக்கு.

டீஸ் சீட்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.
கம்பளியைச் சிக்கெடுத்துச் சீவுவதற்கான சொல் அது, ஆதியில்.
காலாஷீல்ஸ் ஆலையில் என் அம்மா
பதினோரு வருஷம் சம்பளம் வாங்கிய வேலை.
அவளுக்குக் கேலி செய்யத் தெரியாது,
நேரமும் இல்லை.

சார்கசம், கிரேக்கச் சரக்கு.
நாய் சதையைப் பிய்ப்பது என்று மூலம் சொல்கிறது.
படித்தவர்கள்தான் அதிகம் புழங்குகிறார்கள்.

ஜீர் வந்தபோது
தேநீர் போட எழுந்து போனேன்.

அதற்கு நான் புத்தகங்களில் உதாரணம் தேட வேண்டாம்.
வகுப்பில் என் முறை வந்து எழுந்ததும்
பின்வரிசையில் நான்கு பேர்
இல்லாத மோட்டார்சைக்கிளை உதைத்துக் கிளப்புவார்கள்.
கைப்பிடி முறுக்கி, எச்சில் தெறிக்க:
ம் ம் ம் ம் மன்கர்.
எனக்கு என் பெயரே மேடு.
வண்டி பாதியில் நின்றுவிடும்,
வாத்தியார் ஜன்னலைப் பார்ப்பார்.

மிமிக் என்ற சீட்டில் உதாரணமே இல்லை.
மூலையில் ஒரு கேள்விக்குறி.
அப்படியென்றால் நானே ஒன்று எழுத வேண்டும்,
பத்துச் சொற்களுக்குள்.

முப்பத்தொன்பதின் குளிரில்
ப்ராகிலிருந்து ஸ்டெங்கா வந்து சேர்ந்தாள்,
கழுத்தில் எண் தொங்கிய அட்டையோடு,
'தேங்க் யூ' என்பதை 'செங்க் யூ' என்றபடி.
பாலுக்கு செங்க் யூ. சாக்பீஸுக்கு செங்க் யூ.
கதவைத் தள்ளித் திறந்த காற்றுக்குக்கூட.

ஒரு வியாழன், பால் இடைவேளையில்
நான் பெஞ்சு மேல் ஏறினேன்.
ஏன் என்று தெரியாது.
தெரியும்.
அவள் குரலில், அவள் தலைச்சாய்வில்,
செங்க் யூ மிஸ், செங்க் யூ ஸ்காட்லாந்து,
செங்க் யூ மழையே, செங்க் யூ மிஸ்டர் மன்கர்!

மன்கர்.
மேடு இல்லை, பள்ளம் இல்லை.
பத்து வருஷம் அடைத்துக் கிடந்த மடை
அடுத்தவள் நாக்கில் திறந்துகொண்டது.
எனக்கே என் குரலைக் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது,
நிறுத்த மனமில்லை,
மணி அடித்த பிறகும் பேசினேன்.
பின்வரிசை நால்வரும் முதுகில் தட்டினார்கள்.
மோட்டார்சைக்கிளுக்கு அன்று விடுமுறை.

அவள் பால் புட்டியை ஓசையில்லாமல் கீழே வைத்தாள்.
அப்புறம் யாருக்கும் நன்றி சொல்லவில்லை, எதற்கும்.
'நன்றி கெட்ட பெண்' என்று
பதிவேட்டில் ஏறியதாகக் கேள்வி.

இருபத்திரண்டு வருஷம் கழித்துப் பென்சில் சீவினேன்.
'அகதிச் சிறுமியின் பேச்சை ஒரு பையன் திக்காமல் பேசிக் காட்டினான்.'
எட்டுச் சொற்கள்.
அளவுக்குள்தான்.

வெள்ளி மாலை சீட்டு திரும்பி வந்தது.
நீலப் பென்சில் ஒரே ஒரு சொல்லை அடித்திருந்தது,
'திக்காமல்'.
ஓரத்தில்: 'அனாவசியம்.'

எடுத்துக்கொண்டு அவள் அறை வாசலுக்குப் போனேன்.
நிமிர்ந்தாள்.
கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்,
கையைக் கட்டிக்கொண்டு
எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தவளாய்க்
காத்திருந்தாள்.

ம், என்றேன்.
ம்.
ம்.